மாலா முடுக்கிய போல்ட்டுகள்

மாலாவுக்குத் தன் புருஷன் மனோகரிடம் இரண்டே இரண்டு குறைகள்தான். ஒன்று, அவன் விடும் குறட்டை. இன்னொன்று, வீட்டுக்குள் நிற்கும் சைக்கிள். குறட்டையாவது விடிந்தால் நின்றுவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

தங்கச் சுரங்கம் மூடிப்போன கோரமண்டலில் அவர்கள் இருப்பது பழைய சுரங்க லைன் வீடு. முன்னறையில் ஒரு சுவரோரம் மாலாவின் தையல் மிஷின்; எதிர்ச் சுவரோரம் அந்த சைக்கிள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் இரண்டுக்கும் நடுவே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். ஒருமுறை அடுத்த லைன் ரோஜா புடவைத் தலைப்பைப் பெடலில் மாட்டிக்கொண்டு, சைக்கிளையும் இழுத்துக்கொண்டு பாதி அறை வரை வந்துவிட்டாள்.

அது பால்காரர் ஓட்டுகிற மாதிரி சைக்கிளும் இல்லை. மலை ஏறுகிற சைக்கிள். கொழுத்த டயர், தடித்த சட்டம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் கூட வேலை செய்கிற ஒருவர் வீடு மாற்றும்போது கைமாற்றிவிட்டுப் போனதை மனோகர் வாங்கி வந்தான். வந்த நாளிலிருந்து அதைச் சும்மா இருக்க விடவில்லை. முதலில் பிரேக் போயிற்று. ரப்பர் கட்டைகள் போய், எண்ணெயில் வேலை செய்கிற டிஸ்க் பிரேக் வந்தது. அப்புறம் பெடல் பக்கம் இருந்த மூன்று பல்சக்கரங்கள் போய் ஒன்றே ஒன்று வந்தது. மூன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டுகிற முன்னேற்றத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் மாலா.

"பின்னாடி பன்னெண்டு இருக்குதே, அத்த எண்ணலியா நீ?" என்றான் மனோகர்.

அதற்கப்புறம் முன்சக்கரத்தைத் தாங்குகிற, ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். அதைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கூட்டம் பிதுங்குகிற சாயங்கால ரயிலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாராம். இவனும் வெட்கமில்லாமல் உட்கார்ந்து, பங்காரப்பேட்டை வரை அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தானாம். இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான்.

சிரித்தான் என்பதைத்தான் மாலா கவனித்தாள். மனோகர் வாரத்தில் ஆறு நாள் இருட்டோடு எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறவன். அங்கே ஒரு குடோனில் பேக்கிங் சூப்பர்வைசர். பெயர்தான் பெரிசு, பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போடுகிற வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட அவன் கை கட்டியதில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கேள்வி கேட்டால் 'ம்', சாப்பிடக் கூப்பிட்டால் 'ம்'. மகள் ஷோபா மைசூரில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அந்த 'ம்' கூடக் குறைந்துவிட்டது. சைக்கிள் வந்த பிறகுதான் மனுஷனுக்கு வாய் முளைத்தது. பசிக்கிறது என்கிறான். வாசலில் உட்கார்ந்து கையெல்லாம் கருப்பாக எதையோ கழற்றி மாட்டிக்கொண்டு பாடவும் செய்கிறான். அது வேறு தொல்லை என்றாலும் மாலா வாயைத் திறக்கவில்லை. அவன் சந்தோஷமாக இருப்பது அவளுக்கு வேண்டியிருந்தது. அதை அவனிடம் ஒத்துக்கொள்வதாக மட்டும் இல்லை. சைக்கிளை வாங்கி வந்த அன்றைக்கு, "இந்த வயசுல இன்னா இது கூத்து" என்று அவள் ஊர் கேட்கப் பேசிவிட்டாள். பேசிய பேச்சை எப்படித் திரும்ப எடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனோடு ரயிலில் போய்வருகிற கோஷ்டியில் ஏழெட்டுப் பேர் சைக்கிளோடு கிளம்புவார்கள். பேத்தமங்கலா பக்கம் ஒரு பாறைக் குன்று உண்டு; ஆனைக்கல் என்பார்கள். அடிவாரத்திலிருந்து உச்சி வரை கால் ஊன்றாமல் ஏற வேண்டும், அதுதான் அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம். கோஷ்டியில் எட்மண்ட் ஒருவன்தான் ஏறியிருக்கிறான். மனோகர் கடைசி வளைவு வரை போய், ஒவ்வொரு தடவையும் அங்கேயே காலை ஊன்றிவிடுகிறான். முன்பக்கக் கனம்தான் இழுக்கிறது என்று முடிவு செய்துதான் இந்தக் கடைசிச் சாமானை வாங்கினான். ஹேண்டில்பார். கார்பனில் செய்தது. மாலா கையில் வாங்கிப் பார்த்தபோது சப்பாத்திக் கட்டை அளவுகூடக் கனமில்லை.

ஆனால் மனோகருக்குக் கோஷ்டியில் வேறொரு பெருமை இருந்தது. மற்றவர்கள் சைக்கிளில் இறக்கத்தில் ஏதாவது ஒன்று கடகடவென்று ஆடும். ஒருவனுக்கு சீட்டு திரும்பிக்கொள்ளும், இன்னொருவனுக்கு பிரேக் பிடி தொங்கிவிடும். மனோகரின் சைக்கிளில் ஐந்து வருஷமாக ஒரு போல்ட் தளர்ந்ததில்லை. "எல்லாம் கைதான்பா" என்பான், கையைத் தூக்கிக் காட்டி. ரயிலில் ஊரிகம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஆரம்பித்து, போல்ட்டை எப்படி முடுக்குவது என்று பாடமே எடுப்பான். எட்மண்ட் விமான உதிரிபாகம் செய்கிற பட்டறையில் வேலை செய்கிறவன். அவனே வாயை மூடிக்கொண்டு கேட்பானாம்.

அந்தக் கை மனோகருடையது இல்லை. மாலாவுடையது.

மாலாவின் அப்பா தங்கவேலு சுரங்கத்தில் ஷாஃப்ட் ஃபிட்டராக இருந்தவர். ஆட்களைக் குழிக்குள் இறக்குகிற கேஜ் கூண்டில் போல்ட் முடுக்குவது அவர் வேலை. முடுக்க வேண்டிய அளவு முடுக்கிய பிறகு, ஸ்பேனரில் ஒரு பைப்புத் துண்டைச் செருகி, "உள்ள போறவனுக்கு" என்று சொல்லி இன்னும் ஒரு அரைச் சுத்து போடுவார். அவர் செட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம். அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தூளிச் சங்கிலியோ தையல் மிஷினோ, வாசலில் வந்து நிற்கிற கல்யாண வண்டியோ, எதுவானாலும் அரைச் சுத்து. அப்படி வளர்ந்தவள் மாலா. புருஷன் பாறை மேலிருந்து சைக்கிளில் இறங்குகிறான் என்றால் அவள் கை சும்மா இருக்குமா? முதல் வாரமே, அவன் வேலைக்குப் போயிருந்த சனிக்கிழமை மத்தியானத்தில், போல்ட் முடுக்குகிற அவனுடைய எல்-கீ செட்டை எடுத்தாள். அப்பாவின் பைப்புத் துண்டு ஒன்று தையல் மிஷின் டிராயரில் கிடந்தது. தலை முதல் கால் வரை எல்லா போல்ட்டுக்கும் அரைச் சுத்து போட்டுவிட்டு, எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இதுதான் அவள் சனிக்கிழமை வேலை: எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாள், இளகியிருந்தால் மறுபடி அரைச் சுத்து.

இந்த வாரம் வியாழக்கிழமை லீவு. மனோகர் எட்மண்டிடம் ஒரு டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வந்திருந்தான். அளவு வைத்துவிட்டு முடுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடும். வாசலில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க அந்த ஹேண்டில்பாரை மாட்டினான். கடையில் கொடுக்காமல் இவ்வளவு பெரிய வேலையை அவனே செய்தது இதுதான் முதல் தடவை. செய்துகொண்டே மாலாவிடம் என்னென்னவோ சொன்னான். கார்பன் இரும்பு மாதிரி இல்லை, அஞ்சுக்கு மேல் போகக் கூடாது, போனால் உள்ளே விரிசல் விட்டுவிடும் என்றெல்லாம் சொன்னான். மாலா அவசரமான கல்யாண ரவிக்கை ஒன்றில் இருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "ம்" என்றாள். பழைய கணக்குக்கு இது பதில் 'ம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல எல்-கீயை எடுத்தாள். புது ஹேண்டில்பாரைப் பிடிக்கிற நாலு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவுதானா முடுக்கியிருக்கிறார், குழந்தை முடுக்கின மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள். பைப்பைச் செருகினாள். முதல் போல்ட்டுக்கு அரைச் சுத்து, இரண்டாவதுக்கு அரைச் சுத்து. மூன்றாவதில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

அப்படியே நின்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். பிடிப்புக்கு வெளியே, கருப்பு மேல் கருப்பாக, ஒரு முடி ஒட்டினாற்போல் கோடு. விரலால் துடைத்தாள். முடியாக இருந்தால் போயிருக்கும்.

நூலை அதிகம் இறுக்கினால் அறுந்துவிடும் என்று இருபது வருஷமாக மிஷினில் பார்க்கிறவள். அவளுக்கா இது தெரியாமல் போயிற்று? தன்னைத் தானே நாலு திட்டு திட்டிக்கொண்டாள். அப்புறம் தெருவில் போன லக்கேஜ் ஆட்டோவை நிறுத்தி, சைக்கிளை ஏற்றிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குக் கிளம்பினாள்.

அங்கே சுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயசு, பாதி தமிழ், பாதி கன்னடம். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஹேண்டில்பாரை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிங் டிங் என்று வந்த சத்தம் கோட்டுப் பக்கம் வந்ததும் பொத்தென்று ஆகிவிட்டது.

"ஹோயித்து அக்கா. முடிஞ்சி போச்சி" என்றார்.

"ஒட்ட முடியாதா, அண்ணா?"

"ஒட்டலாம். ஒட்டிட்டு ஆனைக்கல்லுல இறங்கினா, ஹேண்டில் ஒரு பக்கம் போவும், மனோகர் ஒரு பக்கம் போவாரு. யாரு இப்டி முடுக்கினது, அவரா?"

மாலா புடவைத் தலைப்பால் சீட்டைத் துடைத்தாள். சுனில் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம்.

"ஒண்ணு பண்ணுங்க. கம்பெனி பீஸுலயே கிராக் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. பெட்டியோட அனுப்பினா வேற குடுத்தாலும் குடுப்பான். வூட்டுல சண்ட எதுக்கு?"

அந்த யோசனை மாலாவுக்கு இனித்தது. அலுமினியத்தில் ஒரு ஹேண்டில்பார் வாங்கினாள். நாளைக் காலை மலைக்குப் போக வேண்டுமே. இப்பவே மாட்டிக் கொடுக்கட்டுமா என்று சுனில் ஸ்டூலை இழுத்தபோது, வேண்டாம் என்றாள்.

"அவரே மாட்டுவாரு, அண்ணா. அவருக்கு அதான் புடிக்கும்."

சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை. ஆறு மணிக்கெல்லாம் மனோகர் வந்துவிடுவான். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சைக்கிளைப் பார்ப்பான். அன்றைக்கும் பார்த்தான். ஹேண்டில்பாரை ஒரு தடவு தடவினான். கை நின்றது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தான்.

மாலா டீயோடு வந்தாள். ஆட்டோவில் வரும்போதே பேச வேண்டியதைத் தயார் செய்து வைத்திருந்தாள். "மிஷினத் தொடைக்கறப்ப பாத்தேங்க. தானா விட்டுடிச்சி போல. சுனில் அண்ணன்கிட்ட காட்டினேன், கம்பெனி பீஸே சரியில்லயாம். மாத்திக் குடுப்பாங்களாம். நாளைக்கு ஓட்ட வேற ஒண்ணு வாங்கியாந்துட்டேன்."

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். மனோகர் தலையாட்டினான். ஆனால் சமாதானமாகிற தலையாட்டல் இல்லை அது.

"இல்ல, மாலா. பீஸு மேல தப்பு இல்ல. இங்க பாரு, புடிக்கிற எடத்து ஓரத்துலயே விட்டிருக்குது. முடுக்கினதுல வந்தது இது. நான்தான் பண்ணியிருக்கேன்."

"நீங்க அந்த டக்கு டக்குன்றத வச்சிதான முடுக்கினீங்க?"

"அஞ்சுல வச்சேன்னு நெனச்சேன். கண்ணாடி போடாம பதினஞ்சுல வச்சிட்டேனோ இன்னாவோ."

கோபப்பட்டிருந்தால்கூட மாலா தாங்கியிருப்பாள். அவன் கோபப்படவில்லை. டார்க் ரெஞ்சைத் துணியில் சுற்றி, நாளைக்கு எட்மண்டிடம் கொடுக்க மறக்கக் கூடாது என்று பைக்குள் வைத்தான். அப்புறம் எல்-கீ செட்டை ஒவ்வொன்றாகத் துடைத்து அதன் பெட்டியில் போட்டு மூடினான்.

"இனிமேட்டு எதுவா இருந்தாலும் சுனில் கடையிலயே குடுத்துடறேன். இதெல்லாம் கை தெரிஞ்சவங்க செய்ற வேல. நான் பொட்டி எண்றவன். எனக்கு எதுக்கு இது?"

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். டீயையும் குடித்தான். மாலாவுக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. வாசலில் கருப்புக் கையோடு பாடுகிற மனுஷன் இனி பாட மாட்டான். சுவரைப் பார்த்துப் படுக்கிற ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்துவிடும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அதைத் தடுத்துவிடலாம். ஆனால் சொல்கிற வார்த்தை அந்த ஒரு இடத்தோடு நிற்காது. இதை உடைத்தது உங்கள் கை இல்லை என்று சொன்னால், ஐந்து வருஷமாகத் தளராமல் வைத்திருந்ததும் உங்கள் கை இல்லை என்று ஆகிவிடும். ஊரிகம் தாண்டுவதற்குள் ஆரம்பிக்கிற பாடம் என்ன ஆவது? இந்தப் பக்கம் ஒரு பெருமையைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு பெருமையைப் பிடுங்க வேண்டும். எது அவனை அதிகம் நோகடிக்கும் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சமையல்கட்டு வரை போனாள். போனவள் திரும்பி வந்தாள்.

"நான்தாங்க முடுக்கினேன்."

"இன்னாத்த?"

"அந்த நாலு போல்ட்ட. பைப்பு போட்டு, அரைச் சுத்து. மூணாவதுலயே விட்டுடிச்சி."

மனோகர் சிரித்துவிட்டான். "எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இப்டிலாம் சொல்லாத. நீ பெருக்கறப்பகூட இந்த சைக்கிளத் தொட மாட்ட."

இப்படி ஒரு பதிலை மாலா எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? அவளுக்கே கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. விரலை மடக்கி ஆரம்பித்தாள்.

"சீட்டுக்குக் கீழ இருக்கறது அஞ்சாம் நம்பர் கீ. ஹேண்டில்ல இருக்கற நாலும் நாலாம் நம்பரு. பின்னாடி பிரேக்குல ஒரு போல்ட்டுக்குத் தல தேஞ்சி போச்சி, கீய சாய்ச்சிப் புடிச்சாத்தான் மாட்டும். இடது பக்கத்து பெடல மத்ததெல்லாம் மாதிரி முடுக்கினா கழண்டுடும், அத்த மட்டும் தலகீழா முடுக்கணும். போதுமா, இன்னும் சொல்லட்டுமா?"

மனோகர் கண்ணாடியைக் கழற்றினான். இடது பெடல் தலைகீழ் என்பது அவனுக்கே ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

"எத்தினி நாளா?"

"நீங்க மொத மொத ஆனைக்கல்லுக்குப் போன வாரத்துலேர்ந்து."

"அஞ்சு வருஷமாவா? வாரா வாரமா?"

"நடுவுல ஒரு வாரம் எனக்கு ஜுரம்."

மனோகர் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். "அந்த வாரம் சீட்டு இறங்கிக்கினே போச்சி" என்றான் மெதுவாக.

"பாறையில இறங்கறீங்க. எனக்கு பயமா இருக்காதா? வேணாம்னு சொன்னா கேக்கற ஆளா நீங்க? கேட்டாலும் எனக்குப் புடிக்காது. நீங்க போவணும், முழுசா வரணும். எனக்குத் தெரிஞ்சது இந்த அரைச் சுத்துதான், போட்டேன்."

மனோகர் எழுந்து வாசலுக்குப் போனான். லைன் முனை வரை நடந்து போவதும் திரும்பி வருவதும் தெரிந்தது. மாலா மிஷின் முன்னால் உட்கார்ந்து, தைக்கத் துணி இல்லாமலே சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தவன் எல்-கீ பெட்டியைத் திறந்தான். பையிலிருந்து டார்க் ரெஞ்சையும் எடுத்தான்.

"ரயில்ல எத்தினி பேருக்கு நான் கிளாஸ் எடுத்திருக்கேன் தெரியுமா உனக்கு?" என்றான். முகத்தைப் பார்த்து என்ன நினைக்கிறான் என்று சொல்ல முடியவில்லை. "டார்ச்சு லைட்டு புடி. கிட்ட வந்து நில்லு. இன்னொரு கைய மட்டும் பின்னாடி கட்டிக்கோ."

மாலா அப்படியே நின்றாள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு, அளவை இரண்டு தடவை பார்த்து, அலுமினிய ஹேண்டில்பாரை மாட்டினான். நாலு தடவை 'டக்' கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் விரல்கள் முதுகுக்குப் பின்னால் துடித்தன. முடித்துவிட்டுக் கை கழுவப் போகும்போது, "நாளைக்கு நீயும் வா" என்றான். எதற்கு என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் கோஷ்டி முன்னால் போக, மாலா எலுமிச்சை சாதத் தூக்கை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஆனைக்கல்லை அவள் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்த பிறகு, அரைச் சுத்து போதாது, முழுச் சுத்தே போட்டிருக்கலாம் என்று தோன்றியது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் குறுக்கு வழியாகக் கடைசி வளைவுக்கு ஏறிப் போய் நின்றுகொண்டாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவராகக் காலை ஊன்றினார்கள். எட்மண்ட் மட்டும் நிற்காமல் போனான். கடைசியில் மனோகர் வந்தான். முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நடந்தால் இதைவிட வேகமாக வரலாம் என்கிற வேகத்தில் வந்தான். ஆனால் நிற்கவில்லை. அவன் வழக்கமாகக் கால் ஊன்றுகிற இடத்தில் சக்கரம் ஒரு சரளைக் கல்லில் சறுக்கியது. பிடித்துக்கொண்டான். வளைவைத் தாண்டினான். மாலா தன்னை அறியாமல் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. உச்சிக்கு இன்னும் இரண்டு ஆள் நீளம் இருக்கும்போது அவன் மூச்சு முடிந்து, கால் தரையைத் தொட்டது.

சைக்கிளோடு அப்படியே பாறையில் உட்கார்ந்து சிரித்தான். எல்லோரும் ஓடி வந்தார்கள். இவ்வளவு தூரம் அவன் வந்ததே இல்லை.

எட்மண்டுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. "டேய், கார்பன் எங்கடா? வெறும் அலுமினியத்துல ஏறினியா?"

"கிராக் விட்டுடிச்சி."

"முடுக்கினதுலயா?" எட்மண்ட் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். விட மாட்டான் என்று தெரிந்தது. "எங்களுக்கெல்லாம் அஞ்சு வருஷமா பாடம் எடுத்தியே வாத்தியாரே! எல்லாம் கைதான்னு சொன்னியே! உன் கையிலயே ஒடஞ்சிதா?"

எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். மாலா தூக்கின் மூடியைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டாள். கம்பெனி பீஸ் என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் மன்றாடினாள். சொன்னால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பெருமையும் அப்படியே இருக்கும், நாளைக்கு ரயிலில் பாடமும் நடக்கும்.

மனோகர் எழுந்து நின்று கால்சட்டையில் மண்ணைத் தட்டினான்.

"என் கை இல்லடா அது. அஞ்சு வருஷமா என் வண்டியில ஒண்ணும் ஆடலன்னு சொன்னேன் இல்ல, அது மாலா கை. சனிக்கெழம சனிக்கெழம எல்லா போல்ட்டயும் முடுக்கியிருக்கா. எனக்கே நேத்துதான் தெரியும். ஷாஃப்ட் ஃபிட்டர் தங்கவேலு பொண்ணு. கார்பன்னா இன்னான்னு மட்டும் தெரியல, அது நான் சரியா சொல்லாத தப்பு."

இதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை. அவளைத் தூக்கிப் பிடித்து ஊருக்குக் காட்டுகிறவன் மாதிரி, முந்தின நாள் வரை தன் கையைக் காட்டிய அதே மிடுக்கோடு சொன்னான். சிரிப்பு நின்றது. எல்லோரும் மாலாவைப் பார்த்தார்கள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். ஐந்து வருஷமாக மறைத்து வைத்ததை ஒரே மூச்சில் இத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டான். ஆனாலும் அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. இந்த ஆளைக் கட்டிக்கொண்டது நல்லதாகப் போயிற்று என்று முழு மனசோடு நினைத்தாள்.

எட்மண்ட் தலையைச் சொறிந்தான். பிறகு தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினான்.

"சிஸ்டர், இறங்கறப்ப முன்னாடி ஒரு சத்தம் வருது. நானும் மூணு மாசமா பாக்கறேன், நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். மாலா மனோகரைப் பார்த்தாள். அவன் முதுகுப் பையிலிருந்து எல்-கீ பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் புடவையைச் செருகிக்கொண்டு எட்மண்டின் சைக்கிள் முன்னால் உட்கார்ந்தாள்.

"எட்மண்டு, அதுல கார்பன் எது எதுன்னு இப்பவே சொல்லிடு" என்றான் மனோகர், எலுமிச்சை சாதத்தை வாயில் போட்டுக்கொண்டே. "அப்புறம் என்னக் கேக்காத."